ராக்கெட் கேசட்

அத்தியாயம் 11

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விஜயலட்சுமிக்கு அன்று கிடைத்தது. அதைக்கூட அனுபவிக்காமல், ஒவ்வொரு வளைவிலும் அண்ணனை ஒரு முறை மனசுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினாள். கல்வராயன் மலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவளுக்குத் திட்ட நிறைய அவகாசம் இருந்தது.

இந்தச் சண்டையை முதல் வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக மட்டும் இரண்டு வார்த்தை.

விஜி மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வாழ்க்கை போதும் என்று மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வேனில் சீர் சாமான்களை ஏற்றிக்கொண்டு பிறந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அண்ணன் அறிவுச்செல்வன் சாமான்களை உள்ளே எடுத்து வைத்தான். அவளை எடுத்து வைக்கவில்லை. ஊர் என்ன பேசும் என்று கேட்டான். கச்சேரி ரோட்டில் அப்பா கண்ணாயிரம் விட்டுப்போன பாத்திரக்கடையும் அவன் கையில், மாடியில் இருக்கும் வீடும் அவன் கையில். அவள் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தாலாவது அவள் மறந்திருப்பாள். போன தை மாதம் மகளுக்குக் கல்யாணம் செய்தான் அறிவுச்செல்வன். விஜியின் அண்டா, குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு எல்லாவற்றிலும் இருந்த அவள் பெயரைத் தேய்த்து எடுத்து, பாலீஷ் போட்டு, மகள் பெயரை வெட்டி மண்டபத்தில் அடுக்கி வைத்திருந்தான். விஜி அந்த அண்டாவில் கை வைத்துத் தடவிப் பார்த்தாள். தன் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அன்று பந்தியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அவனும் ஒரு பொருளைப் பறிகொடுக்க வேண்டும். நாலு பேர் எதிரில், கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அதைத் தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதற்கு வாய்த்த பொருள்தான் அந்த ராக்கெட் கேசட். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா, விஜிக்குப் பத்து வயது இருக்கும்போது ஜப்பான் துறைமுகத்தில் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்த வீடியோ கேம். கீழே ஒரு குட்டி ராக்கெட், மேலே வானம் நிறைய எதிரிக் கப்பல்கள், சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும். ஆனால் ஜப்பான் மெஷினுக்கும் இந்த ஊர் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை. படம் கறுப்பு வெள்ளையில் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. மெஷினை எவனோ ரிப்பேர்க்காரன் வாங்கிக்கொண்டு போனான். கேசட்டை அப்பா அதன் டப்பாவோடு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பாத்திரக்கடைக்காரர் வீடு அல்லவா, டார்ச் லைட்டிலிருந்து டேபிள் ஃபேன் வரைக்கும் பெயர் வெட்டாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. ஓடாத சாமானுக்குப் பெயர் எதற்கு என்று அப்பா விட்டுவிட்டதால் கேசட் மட்டும் தப்பித்தது.

முப்பது வருஷம் தூங்கிய அந்தக் கேசட்டுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. சென்னையில் கடை வைத்திருக்கும் கள்ளக்குறிச்சிக்காரர் ரவூப், பழைய வீடியோ கேம்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். பழைய குடும்பப் போட்டோ ஒன்றில் விஜி அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவளே அவருக்கு அனுப்பி வைக்க, மனுஷர் அடுத்த நிமிஷமே போன் பண்ணினார். விஷயம் அண்ணன் காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. பீரோ என்னுடையது, அதில் இருப்பதும் என்னுடையது, நானே விற்கிறேன் என்று அவன் முந்திக்கொண்டான். இது போன வாரக் கதை.

போன வாரம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரவூப் விஜியிடம் போனில் சொன்னது.

"ஒரே ஒரு விசயம் மேடம். அதுல பேனாவால எழுதறது, ஸ்டிக்கர் ஒட்றது, சொரண்டறது எதுவும் வேணாம். நம்ம ஊர்ல வாடகைக்கு வுட்டவங்கல்லாம் பேரு எழுதி எழுதியே எத்தினியோ நல்ல கேசட்ட பாழாக்கி வச்சிருக்காங்க. ஒரு கீறல் வுழுந்திருந்தாலும் நான் தொட மாட்டேன். என்ன மாதிரி சேக்கறவங்க யாரும் தொட மாட்டாங்க."

"சரிங்க பாய்," என்று போனை வைத்த விஜி, குவார்ட்டர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மருந்தாளுநர் அம்மா கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது நாள் அண்ணனே போன் பண்ணினான். "ஞாயித்துக்கிழமை பாய் வர்றாரு. நீயும் வா." மூன்று வருஷத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. விலை பேசுவதைத் தன் எதிரிலேயே நடத்தி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று விஜி முடிவு கட்டினாள். கரும்பு தின்னக் கூலியா, வருகிறேன் என்றாள்.

*

கடையில் முகூர்த்தக் கூட்டம். சங்கராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தரை முழுக்கத் தாம்பாளங்களைப் பரப்பி வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கடையின் பின்கட்டில், திரைக்கு அந்தப் பக்கம், அறிவுச்செல்வன் பெயர் வெட்டும் மெஷினோடு உட்கார்ந்திருந்தான். கடையில் ஆள் இருந்தாலும் பெயர் வெட்டுவதை மட்டும் அவன் யாரிடமும் விடமாட்டான். அவன் வெட்டும் எழுத்தை இந்த ஊரில் யார் வீட்டுப் பரணில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.

அண்ணி செந்தமிழ்ச்செல்விதான் முதலில் பார்த்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வா விஜி. சாப்ட்டியா? மேல குளிரு ஜாஸ்தியா?"

"இருக்குது அண்ணி."

"எளைச்சிட்ட." டீ சொல்லி அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு நாளா தூக்கமில்ல அவருக்கு. ஒன்னாண்ட பேசணும், பேசணும்னு சொல்லிக்கினே இருக்காரு."

வராதுதான் தூக்கம், பணம் வரும்போது எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டாள் விஜி.

திரையை விலக்கிக்கொண்டு அறிவுச்செல்வன் வந்தான். கண்ணாடி போட்டிருந்தான். முன் தலையில் முடி இல்லை. அவள் மனசில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த அண்ணனைவிட இவன் வயசானவனாகத் தெரிந்தான். அதனால் அவள் இரக்கப்பட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். வழுக்கைத் தலைக்கெல்லாம் இரக்கப்படுகிற மனநிலையில் அவள் வரவில்லை.

கையில் ஒரு புதுத் துண்டில் சுற்றிய டப்பா. அதைக் கல்லா மேஜைமேல் வைத்துப் பிரித்தான். நீல வானம், சிவப்பு ராக்கெட், புரியாத எழுத்து. அப்படியே இருந்தது.

"விஜி," என்றான் அண்ணன். "இத பத்தி ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம். மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேன்." பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவந்த குரலை எடுத்தாள். "பாய் வந்து இத கையில எடுத்துப் பாப்பாரு. தெறந்து பாப்பாரு. அவரு பையில இதே மாதிரி டூப்ளிகேட் ஒண்ணு இருந்து, மாத்தி வச்சிட்டாருன்னா இன்னாண்ணே பண்ணுவ?"

அறிவுச்செல்வன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒனக்கும் எனக்கும் இதுல வித்தியாசம் தெரியுமா? மண்டபத்துல அண்டா மாறிப்போச்சுன்னா எத வச்சு எடுப்போம்? பேர வச்சுதான."

"பேரு வெட்டச் சொல்றியா?"

"நான் இன்னா சொல்றது. ஒம் பொருளு. ஒனக்குத் தெரியாத தொழிலா."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். திரும்பப் போட்டுக்கொண்டு தங்கையை ஒரு முறை நன்றாகப் பார்த்தான்.

"சரி," என்றான். "நீ சொன்னா செஞ்சிடறேன்."

டப்பாவை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டான். விஜிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் நாலு வாதம் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

மெஷின் ர்ர்ர் என்று ஓட ஆரம்பித்தது. பித்தளையில் வெட்டும்போது வரும் கூர்மையான சத்தம் இல்லை. பிளாஸ்டிக்கில் மொத்தையாகக் கேட்டது. நிறுத்தண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா கப்பலிலிருந்து இறங்கி, "இந்தா, இது ஒனக்குத்தான், அவனுக்கில்ல" என்று கொடுத்த பொருள் அது. ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள்.

அப்போது சங்கராபுரத்து அம்மா ஒரு தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, "பொண்ணு பேரு பெருசா வர்ற மாதிரி போடச் சொல்லுங்க, அழியாம இருக்கணும்," என்றாள் அண்ணியிடம்.

"அதெல்லாம் அழியாதும்மா," என்றாள் அண்ணி.

விஜி உட்கார்ந்துவிட்டாள். டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது. இந்த ஊரில் இவ்வளவு ருசியாக அவள் டீ குடித்ததில்லை. வெட்டுடா, நன்றாக ஆழமாக வெட்டு என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டு குடித்தாள். மெஷின் நின்றதும் இன்னொரு டீ கேட்டு வாங்கினாள்.

*

ரவூப் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தார். ஒல்லியான மனுஷர். பட்டையாக மடித்த கைக்குட்டையைக் காலரில் செருகியிருந்தார். சென்னையிலிருந்து வந்த களைப்பெல்லாம் டப்பாவைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. மேஜையை ஈரமில்லாமல் துடைக்கச் சொன்னார். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு குட்டி டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்து வைத்தார்.

"ஆபரேசன் பண்றா மாதிரி இருக்குது," என்றாள் அண்ணி.

"அதுக்கு மேலங்க." அவர் டப்பாவின் நாலு மூலையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். "மூலை மழுங்கல. வெயில் படல, செவப்பு அப்படியே செவப்பா இருக்குது பாருங்க. மொதல்ல வெளுக்கறது செவப்புதான்."

மூடியை ஊதி ஊதித் திறந்தார். உள்ளே அட்டைத் தட்டு, மெல்லிசான விளக்கப் புத்தகம், ஒரு ரிப்ளை கார்டு. புத்தகத்தைத் தைத்திருந்த ஸ்டேப்ளர் பின்னை உற்றுப் பார்த்து, துருப்பிடிக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"இந்த ஊர்ல ஓடுனது அத்தனையும் காப்பிங்க. உள்ள தெறந்தா சிப்பு இருக்கற எடத்துல கறுப்பா ஒரு பசை உருண்டை இருக்கும், அவ்ளோதான் சரக்கு. இது அசல். இந்த கேம கம்மியாத்தான் போட்டான், அடுத்த வருசமே கம்பெனிய மூடிட்டான். ஜப்பான்லயே இத டப்பாவோட வச்சிருக்கறவன் சட்டுனு குடுக்க மாட்டான்."

"இன்னா பெறும் பாய்?" என்றாள் அண்ணி.

"பூரா சரியா இருந்தா மூணு லட்சத்துக்குக் கொறையாது."

அண்ணி பக்கத்திலிருந்த தவலையைப் பிடித்துக்கொண்டாள். விஜி கேசட்டைப் பார்க்கவே இல்லை. அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷம் அந்த முகம் இடியப் போகிறதோ அந்த நிமிஷத்தைத் தவற விடக்கூடாது. அதற்காகத்தானே மலையிலிருந்து இறங்கி வந்தது.

ரவூப் பிளாஸ்டிக் உறையிலிருந்து கேசட்டை உருவினார். முன் பக்க லேபிளைக் கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். "மாஷா அல்லா," என்றார் மெதுவாக. "கைரேகைகூட இல்ல. பின்னாடி ஸ்க்ரூ தெறக்காம இருக்குதான்னு மட்டும் பாத்துட்டா முடிஞ்சிது."

திருப்பினார்.

கடையில் அந்த நேரம் பார்த்துச் சங்கராபுரத்துக் குடும்பமும் பேரத்தை முடித்து, பெயர் வெட்டக் காத்திருந்தது. ரவூப் டார்ச்சை அணைத்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அண்ணன் முகத்தில் இடிவதாக எதுவும் தெரியவில்லை. அவன் கேசட்டையோ ரவூப்பையோ பார்க்காமல் விஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார் இது," என்றார் ரவூப். பிறகு கேசட்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "க. விஜயலட்சுமி."

விஜி எழுந்து வந்து பார்த்தாள். அப்பாவின் இனிஷியலோடு, அண்ணன் கையெழுத்து. அழகாகத்தான் வெட்டியிருந்தான். நடுவில் ஒரு குட்டிப் பூகூடப் போட்டிருந்தான். கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற பூ.

"தங்கச்சிக்குக் குடுக்கற சாமான் பாய்," என்றான் அறிவுச்செல்வன். "எங்க வூட்டுல பொண்ணுக்கு எது குடுத்தாலும் பேரு வெட்டித்தான் குடுப்போம்."

"நேத்து சாயங்காலம் போன்ல அத்தினி தடவ சொன்னேனே சார், ஒரு கீறல்கூட ஆவாதுன்னு. சரி சரின்னீங்களே. வர்ற பணம் மொத்தத்தையும் தங்கச்சி பேருக்கே போட்டுடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" ரவூப்புக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. விஜி பக்கம் திரும்பினார். "நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா மேடம்? உங்களாண்ட போன வாரமே சொன்னேன். நேத்து சாருகிட்டயும் சொன்னேன், தங்கச்சிக்கு எல்லாம் தெரியும், அவங்க பாத்துக்குவாங்கன்னு."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்றாள்.

ரவூப் தன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். டப்பாவுக்கும் புத்தகத்துக்கும் ஏதாவது தரலாம், யோசித்துவிட்டுப் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவர்போலச் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

விஜி அண்ணன் பக்கம் திரும்பினாள். எது உறுத்துகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமா, வெட்கமா, போன பணமா.

"எனக்குக் குடுக்கறேன்னு நேத்து சொன்னியா?"

"சொன்னேன். எம் பொண்ணுக்குக் குடுத்த ஒன் சாமான திருப்பி வாங்க முடியாது. இதையாவது குடுத்துடலாம்னு பாத்தேன்."

"பின்ன ஏன் இப்படிப் பண்ண?"

"காலையில அதச் சொல்லத்தான் வாயத் தெறந்தேன். நீ பேரு வெட்டச் சொன்ன." அறிவுச்செல்வன் குரல் உயரவே இல்லை. "கீறல் வுழக்கூடாதுன்னு தெரிஞ்சே சொன்ன. அப்பதான் புரிஞ்சிது, ஒனக்கு இது வேணாம், நான் நாசமாப் போறதப் பாக்கணும். சரி, வெட்டிட்டேன். யாரு பேருன்னு நீ சொல்லல."

அண்ணி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அழுதால் இவன் ஜெயித்தவனாகிவிடுவான் என்று விஜிக்குத் தோன்றியது. அழவில்லை. கேசட்டை எடுத்து டப்பாவில் வைத்து மூடி, டப்பாவைத் தன் பைக்குள் போட்டாள். வாசல் பக்கம் போவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஸ்டூலை இழுத்துக் கல்லா மேஜைக்கு நேர் எதிரில், வாடிக்கையாளர் வழியை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்டாவுல இருந்த எம் பேர எடுக்கும்போது என்ன ஒரு வார்த்த கேக்கல. வேன்ல வந்து நின்னப்பவும் கேக்கல. இப்பக் கேளுண்ணே. ஒனக்கு இன்னா வேணும்னு கேளு. சொல்லிட்டுத்தான் எந்திரிப்பேன்."

அறிவுச்செல்வன் உடனே கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்து, தாம்பாளக்காரர்களை நாளைக்கு வரச் சொல்லு என்றான். அவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்தான். பிறகு எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். அப்பா இறந்த அன்றைக்கு அப்புறம் அந்த ஷட்டர் பகலில் இறங்கியது அன்றுதான்.